கேமரா கேள்விகள்: வீட்டில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?

தைப்பூசம் முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு இரண்டு வகைக் கடிதங்கள் வரும். பினாங்கு தண்ணீர்மலையில் எடுத்த காவடிப் படங்கள் இருநூறு முந்நூறு அனுப்பி, "எப்படி ஐயா இருக்கிறது?" என்று கேட்பவை ஒரு வகை. "இனி அடுத்த தைப்பூசம் வரை எதை எடுப்பது?" என்று சோர்ந்து கேட்பவை இன்னொரு வகை. காவடிப் படங்களுக்கு அடுத்த மாதம் வருகிறேன். இந்த மாதம் சோர்ந்தவர்களுக்கு.

*

கேள்வி: சேமிப்பில் மூவாயிரம் ரிங்கிட் போட்டு ஒரு கேமரா வாங்கினேன். ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளி விடுமுறையில்தான் அதை அலமாரியிலிருந்து எடுக்கிறேன். லங்காவி, கேமரன் மலை என்று போனால் படம் ஓரளவு அமைகிறது. வீட்டில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?
— ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

பதில்: டீச்சர், உங்கள் மாணவன் ஆண்டுக்கு இரண்டே முறை, அதுவும் சுற்றுலா போன இடத்தில் மட்டும் கணக்குப் போட்டால் அவனுக்கு எத்தனை மதிப்பெண் வரும்?

லங்காவியில் படம் நன்றாக வந்தால் பெருமை லங்காவிக்கு. கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்த அலையும் அந்த மேகமும் படகின் முனையில் நின்ற அந்த ஆளும் மறுபடி கிடைக்கப் போவதில்லை. வீட்டுத் தம்ளர் அப்படிப்பட்டதல்ல. நேற்று கவிழ்த்து வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கும். பொருள் மாறாமல் இருப்பதால்தான் படத்தில் மாறியது எது, வெளிச்சமா, நீங்கள் நின்ற இடமா, கேமராவில் வைத்த அளவா என்று உங்களுக்குப் பிடிபடும்.

நான் 1984இல், பதினேழு வயதில், பினாங்கு சாலையில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி ஒரு சீனப் பெரியவர். மாதம் ஒரு கருப்பு வெள்ளைச் சுருள் தருவார், 36 படம். "கல்யாணத்தை எடுக்கலாமா?" என்று கேட்டேன். தான் கோப்பி குடித்து முடித்த கோப்பையை என் முன்னால் நகர்த்தி வைத்தார். பச்சைப் பூ போட்ட, விளிம்பு தடித்த, நம் ஊர்க் கோப்பிக் கடைகளில் எல்லாம் இருக்கும் அதே கோப்பை. அதை 36 முறை எடுத்துக்கொண்டு போனேன். கழுவிய சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" நான் எடுத்த படத்தைப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதமும் அதே கோப்பை. ஐந்து மாதம் அந்தப் பச்சைப் பூ என் கனவில் வந்தது. ஆறாவது மாதம் கேள்வி கேட்காமலே என்னை ஒரு கல்யாணத்துக்குப் பெட்டி தூக்க அழைத்துப் போனார்.

உங்களை ஐந்து மாதம் வதைக்க மாட்டேன். வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஓர் எவர்சில்வர் தம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் கோப்பி ஊற்றி, அடுப்படி ஜன்னலுக்கும் அதற்கும் இடையில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு மேசைமேல் வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு வெளிச்சம் வேறு நிறம். இரண்டும் ஒரே பொருள்மேல் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் நிற்கும். இனித் தம்ளரைத் தொட வேண்டாம். நீங்கள்தான் நகர வேண்டும்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒன்று எடுங்கள். தம்ளர் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கும். ஜன்னல் உங்கள் இடப்பக்கம் வருமாறு நகர்ந்து இன்னொன்று எடுங்கள்; இப்போது அதற்கு வயிறு வந்துவிடும், உருண்டை தெரியும். அப்படியே சுற்றி வந்து ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். நேராகப் பார்த்தால் ஜன்னல் வெளுத்துத் தம்ளர் இருண்டு போகும். கொஞ்சம் சாய்ந்து, ஜன்னலுக்குப் பக்கத்திலிருக்கும் இருண்ட சுவரோ அலமாரியோ தம்ளருக்குப் பின்னால் வரும்படி பாருங்கள். விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அதற்குமேல் இவ்வளவு நேரம் கண்ணுக்கே படாத ஆவி எழுந்து நிற்கும். பின்னாலிருந்து வெளிச்சம், பின்புலத்தில் இருட்டு, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஆவி படத்தில் விழும். கோயில் சாம்பிராணிப் புகையும், ஒட்டுக்கடைச் சட்டியில் கிளம்பும் புகையும் இதே கணக்குத்தான். தைப்பூசத்தன்று கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு இதைக் கற்க முடியாது. அடுப்படியில் கற்றதைத் தைப்பூசத்தில் பயன்படுத்தலாம்.

இனித் தம்ளரின் வயிற்றை உற்றுப் பாருங்கள். தலையில் துண்டு சுற்றிய, நெடுநெடுவென்று ஒல்லியான ஓர் உருவம் கேமராவோடு நிற்கும். பளபளக்கும் பாத்திரத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ஏ4 தாளை நிமிர்த்தி வையுங்கள். இருண்டிருந்த பாதி வெள்ளியாகிவிடும். தாளை எடுத்துவிட்டுக் கருப்பு அட்டையை வைத்தால் ஓரத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கோடு விழும். குத்துவிளக்கு, மோதிரம், காரின் கதவு எதுவானாலும் ஸ்டூடியோக்காரன் செய்வது இந்தத் தாள் வேலைதான். காசு வாங்கும்போது அதைச் சொல்ல மாட்டான்.

அதற்கடுத்த வாரம் இட்லி. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி நான்கு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதன் புத்தி அவ்வளவுதான். ஆகவே இட்லி பழைய துணிபோல் சாம்பலாக வரும். ஒளி அளவைக் கூட்டக் குறைக்க இருக்கும் பொத்தானில் கூட்டல் 1 வைத்தால் இட்லி இட்லியாகும். தோசைக்கல்லை எடுத்தால் நேர்மாறு. கருங்கல்லை வெளுக்கடித்து வைத்திருக்கும், கழித்தல் 1 வையுங்கள். வெள்ளைக்குக் கூட்டு, கருப்புக்குக் கழி. கேட்டவுடன் எல்லாரும் தலையை மாற்றி ஆட்டுவார்கள். இட்லியை எடுத்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

தம்ளரும் இட்லியும் கௌரவக் குறைவு என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் நிறுத்தி, கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்து எடுத்தார். அவருடைய மிளகாய்ப் படங்களில் அது 30ஆம் எண். இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் மாட்டி வைத்திருக்கிறார்கள். மிளகாய் சாதாரண மிளகாய்தான்.

*

கேள்வி: தே தாரேக் ஆற்றுவதை எடுக்க எங்கள் பக்கத்து மாமாக் கடையில் மூன்று இரவு நின்றேன். தேநீர் ஒரு வெள்ளைத் துணிபோல் குழம்பி வருகிறது. வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாகக் கருப்புக் கோடு. கேமராவில் கோளாறா?
— கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, கேமராவைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். கோளாறு கடையின் விளக்கில்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் பல டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/1000 விநாடியில் வைத்தால் கேமரா அந்த மங்கலையும் பிரகாசத்தையும் துண்டு துண்டாகப் பிடித்துக் கோடுகளாகக் காட்டும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், ஒரு முழு மினுக்கு உள்ளே அடங்கிவிடும், கோடு போய்விடும்.

இனித் தேநீர். ஆற்றுபவர் கை இரண்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் விரியும். அந்த உயரத்திலிருந்து விழும் தேநீர் கீழ்க் குவளையைத் தொடும்போது விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/1000 விநாடியில் அது நகர்வது 4 மில்லிமீட்டர்தான். துளித்துளியாக உறைந்து நிற்கும். 1/100இல் 4 சென்டிமீட்டர் ஓடும், கயிறுபோல் தெரியும். 1/30இல் 15 சென்டிமீட்டர். அதுதான் உங்கள் வெள்ளைத் துணி.

எது அழகு? எனக்கு 1/50இன் கயிறு பிடிக்கும். தேநீர் ஓடுகிறது என்று அது சொல்கிறது. உறைந்த துளிகள் கண்ணாடி மணிபோல் கிடக்கின்றன. ஆனால் 1/50இல் உங்கள் கை ஆடினால் கடையே ஆடிவிடும். நின்றுகொண்டு எடுக்காதீர்கள். உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றுங்கள், மூச்சைப் பாதி விட்டுவிட்டு அழுத்துங்கள். துளிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், வாசலில் நின்று ஆற்றும் கடையாகப் பார்த்துக் காலை 9 மணிக்குப் போங்கள். சூரியன் மினுக்காது.

மூன்று இரவு நின்றேன் என்கிறீர்கள். மூன்று இரவும் தே குடித்தீர்களா? கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

*

கேள்வி: பாயான் லெப்பாஸில் இரவு வேலை, காலை 7 மணிக்குத்தான் முடியும். தூங்கி எழுந்து வெளியே வந்தால் மணி 2, 3. உச்சி வெயில். கையில் இருப்பது பழைய கைப்பேசி. நல்ல வெளிச்சம் என்று நீங்கள் எழுதும் நேரமெல்லாம் நான் இயந்திரத்தின் முன்னால் அல்லது படுக்கையில் இருக்கிறேன்.
— தொழிற்சாலை ஊழியர், சுங்கை டூவா

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காலை 7 மணிக்கு வேலை முடிகிறது என்று எழுதிவிட்டு, நல்ல வெளிச்சம் கிடைப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பினாங்கில் சூரியன் உதிப்பது பருவத்துக்கேற்ப ஏறக்குறைய 7 மணிக்கும் 7.35க்கும் இடையில். அந்த நேரத்துக்கு எங்களைப் போன்றவர்கள் கடிகாரத்தில் மணி வைத்து, எழுந்திருக்க முடியாமல், மனைவியிடம் திட்டு வாங்கி, ஓடுகிறோம். உங்களுக்குக் கம்பெனி பஸ் ஜன்னலிலேயே அது தினமும் வருகிறது. வானம் நீலமாகவும் தெருவிளக்கு இன்னும் அணையாமலும் இருக்கும் அந்தக் கால் மணி நேரம், பாலத்துக்குக் கீழே கடல், முன் இருக்கையில் வாய் பிளந்து தூங்கும் நண்பர். கைப்பேசியின் லென்ஸை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். பஸ்ஸுக்குள் எரியும் விளக்கின் பிரதிபலிப்பு போய்விடும். நண்பர் படத்தை அவரிடம் காட்டிய பிறகு மற்றவர்களிடம் காட்டுங்கள்.

பிற்பகலுக்கு வருவோம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் நம் கடிகாரம் சூரியனைவிட வெகுதூரம் முந்திப் போகிறது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. 1 மணிக்கு மேல், சில மாதங்களில் 1.30க்கும் மேல். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வார வாக்கிலும் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது விளக்குக் கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. அந்த நேரத்தில் வெட்ட வெளியில் யாரை நிறுத்தி எடுத்தாலும் கண் இரண்டும் குழி, மூக்குக்குக் கீழே மீசை. ஆனால் நீங்கள் வெளியே வரும் 3 மணிக்குச் சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். ஆளின் நிழல் அவர் உயரத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும். சுவர்களில் ஜன்னல் சட்டத்தின் நிழலும் கொடியில் காயும் கைலியின் நிழலும் விழத் தொடங்கும் நேரம் அது. ஆளை விட்டுவிட்டு நிழலை எடுங்கள்.

ஆள்தான் வேண்டும் என்றால் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் நுழைந்துவிடுங்கள். வெயில் எவ்வளவு கொடுமையாக அடிக்கிறதோ அவ்வளவு நல்லது. தார்ச்சாலையிலும் எதிர்ச்சுவரிலும் பட்ட வெயில் அந்தத் தூண்களுக்கிடையே பக்கவாட்டில் உள்ளே வரும்; மேலே கூரை, பின்னால் கடையின் இருட்டு. ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அமைக்கும் வெளிச்சம் அது. லெபோ பாசாரில் பூக்கட்டுபவரோ தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவரோ தூணிலிருந்து இரண்டடி உள்ளே உட்கார்ந்திருந்தால் போதும். கைப்பேசித் திரையில் அவர் முகத்தைத் தொட்டு விரலை எடுக்காமல் வைத்திருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒளி அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைச் சற்றுக் கீழே இழுங்கள், மிகச் சற்று. பின்னால் இருக்கும் இருட்டு இருட்டாகவே நிற்கும், முகம் மட்டும் மேலே வரும். பழைய கைப்பேசி போதுமா என்று கேட்க நினைத்திருப்பீர்கள். லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுங்கள். பாதிக் கைப்பேசிகளின் பழைமை அந்த விரல் எண்ணெய்தான்.

*

கேள்வி: என் மகள் நல்ல கருப்பு. கைப்பேசியில் எடுத்தால் ஒன்று முகமே தெரியாமல் இருட்டாகிவிடுகிறது, இல்லாவிட்டால் வெளுத்து, யார் வீட்டுப் பிள்ளையோ என்று இருக்கிறது. பிள்ளை இப்போது படம் என்றாலே ஓடிவிடுகிறாள். பன்னிரண்டு வயது.
— ஒரு தாய், பிறை

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்யாணப் பெண்களை வெளுக்க வைத்துச் சம்பாதித்தவன் நான். "பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் காதைக் கடிப்பார்கள். நானும் ஃபிளாஷைக் கூட்டிவிடுவேன். பட்டுப் புடவையின் சரிகை கரைந்து போகும், மூக்குத்தி காணாமல் போகும், பெண்ணின் முகம் மாவு பூசிய சுவராகும். ஆல்பத்தை வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பார்கள். ஒரே ஒரு முறை ஒரு பெண்ணின் தகப்பனார் ஆல்பத்தை மெதுவாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் பிள்ளையை எங்கே தம்பி?" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

வண்ணப் படத்தின் வரலாற்றிலேயே இந்தக் கோணல் இருக்கிறது. படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அட்டையையே 'ஷெர்லி' என்று அழைத்தார்கள். அவருடைய கன்னம் சரியாக இருந்தால் நிறம் சரி என்று கணக்கு. நம் முகத்துக்கு வெகுகாலம் யாரும் அட்டை அடிக்கவில்லை. ஆனால் ஃபிளாஷைக் கூட்டியது அட்டையல்ல, என் கை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பல கைப்பேசிகளில் முகத்தை அழகாக்கும் வசதி ஒன்று வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணையுங்கள், வெளுப்பது பெரும்பாலும் அதன் வேலை. இருட்டுவது உங்கள் வீட்டுச் சுவரின் வேலை. வெள்ளைச் சுவர் முன் நிறுத்தினால் கேமரா சுவரைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும், முகம் கரியாகும். கதவுக்கு என்ன வண்ணம்? பச்சையோ நீலமோ மரநிறமோ எதுவானாலும் அதன் முன்னால் நிற்கட்டும்.

ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கருப்புத் தோலின் அழகு அதில் படியும் ஒளிக்கோட்டில் இருக்கிறது: கன்னத்தின் மேட்டில், மூக்குத் தண்டில், கழுத்தெலும்பில். சிறிய விளக்கு அங்கே புள்ளி புள்ளியாக எண்ணெய் வழியவைக்கும். பெரிய ஜன்னல் மெழுகிவிட்டதுபோல் பரவும். பவுடர் பூசி விடாதீர்கள், அந்தக் கோடு அழிந்துவிடும். முகத்தைத் தொட்டு ஒளியைப் பூட்டுங்கள். மஞ்சள், அரக்கு, மயில் நீலம் எல்லாம் அவளுக்கு எடுக்கும். வெளிர் இளஞ்சிவப்பை மட்டும் அடுத்தவர் சொன்னார் என்று வாங்காதீர்கள்.

முதல் நாள் அவள் முகத்தை எடுக்கவே வேண்டாம். கையை எடுங்கள். மருதாணி இட்ட கை, பென்சில் பிடித்த கை, பூனையைத் தடவும் கை. படத்தை அவளிடமே கொடுத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு கைப்பேசியை அவளிடம் கொடுத்து உங்களை எடுக்கச் சொல்லுங்கள். கதவின் முன்னால் நீங்கள்தான் முதலில் நிற்க வேண்டும்.

*

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்திவலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசிப் பானைக்குள் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: அரிசியில் வைத்தால் அரிசித் தூசியும் சேரும். அது பூஞ்சை, பழுது பார்ப்பவர்தான் கழற்றித் துடைக்க வேண்டும். இனிமேல் வராமலிருக்க, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, பத்து ரிங்கிட் சொச்சத்துக்கு ஈரப்பதமானி. ஈரம் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். இன்னொன்று: குளிரூட்டிய அறையிலிருந்து அப்படியே வெளியே கொண்டுபோனால் லென்ஸ் வியர்க்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு முறை எடுத்துப் பயன்படுத்துவது. பூட்டி வைத்த கேமராவைத்தான் பூஞ்சை தேடி வரும். ஆயர் ஈத்தாம் டீச்சரும் இதைப் படிக்கலாம்.

*

கேள்வி: 50 மி.மீ. லென்ஸ் வாங்கினால் படம் தேறுமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை 35இல் திருப்பி வைத்து, வளையம் நகராமல் டேப் ஒட்டுங்கள். சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, சிறியதாக இருக்கும் கேமராவில் அது ஏறக்குறைய பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வைதான். ஒரு மாதம் டேப்பைப் பிரிக்காமல் எடுத்தால் பிறகு எழுதுங்கள், வாங்கலாமா என்று பேசுவோம். பிரித்துவிட்டால் எழுத வேண்டாம்.

*

கேள்வி: தினம் ஒரு படம் என்று ஆண்டு முழுவதும் எடுப்பதாக உறுதி எடுத்தேன். இருபத்து மூன்றாம் நாள் நின்றுவிட்டது. எனக்கு ஒழுக்கம் போதாதா?
— வாசகி, குளுகோர்

பதில்: இருபத்து மூன்று நாள் என்பதே பெரிது. எனக்குப் பதினொன்றாம் நாள் காய்ச்சல்.

தினம் ஒரு புதுப்பொருள் தேடுவது படப்பயிற்சி அல்ல, பொருள் தேடும் பயிற்சி. இரவு 11 மணிக்குப் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து அன்றைய கணக்கை முடிப்போம். செக் நாட்டு ஜோசப் சுடெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், 1940இல் தொடங்கிப் பல ஆண்டுகள் பிராக் நகரில் தம் ஸ்டூடியோவின் ஒரே ஜன்னலை எடுத்துக்கொண்டிருந்தார். பனி படிந்த கண்ணாடி, நீர் வழியும் கண்ணாடி, வெளியே ஒரு கோணல் மரம். பனி நமக்குக் கிடையாது, மழைக்குக் குறைவா? ஒரு ஜன்னலைத் தேர்ந்துகொண்டு, எப்போதாவது அது வேறு மாதிரி இருந்தால் மட்டும் எடுங்கள். மாதம் ஒன்று அமைந்தாலும் ஆண்டு முடிவில் பன்னிரண்டு. அவற்றை 4ஆர் அளவில் (4க்கு 6 அங்குலம்) பிரிண்ட் போட்டு வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். திரையில் பார்க்கும்போது தப்பித்த தவறுகள் சுவரில் தப்பாது.

*

கேள்வி: தோட்டத்து வீட்டை அடுத்த மாதம் காலி செய்ய வேண்டும். நாற்பத்தொரு ஆண்டுகள் அங்கே இருந்தோம். எல்லாரையும் வாசலில் நிறுத்தி மகன் ஒரு படம் எடுத்துவிட்டான். வேறு என்ன எடுத்து வைக்கலாம்? எனக்குக் கைப்பேசியில் எடுக்க மட்டும் தெரியும்.
— பணி ஓய்வு பெற்றவர், நிபோங் திபால்

பதில்: ஐயா, எடுக்க மட்டும் தெரிந்தால் போதும்.

வாசல் படம் இருக்கட்டும். ஆனால் லயத்து வீடுகளில் எந்த வீட்டு வாசலும் ஒன்றுபோல்தான் இருக்கும். உங்கள் வீடு என்று சொல்வது உள்ளே இருக்கிறது. அடுப்புக்கு மேலே கரி ஏறிய சுவர். அம்மி கிடந்து தேய்ந்த தரை. பால் சீவும் கத்தி தொங்கிய ஆணி. சாமிப் படங்களுக்குப் பின்னால், படத்தைக் கழற்றினால் தெரியும் பழைய சுண்ணாம்பின் நிறம். தாழ்ப்பாளை எடுக்கும்போது வெறும் தாழ்ப்பாளை எடுக்காதீர்கள். வீட்டுக்காரம்மாவைத் திறக்கச் சொல்லி, கையோடு எடுங்கள். அந்தத் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தூக்கி எப்படி இழுக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும்.

அடுப்படி இருட்டாக இருக்கும். விளக்கைப் போடாதீர்கள், பின்கதவை முழுக்கத் திறந்துவிடுங்கள். கைப்பேசியை அரிசி மூட்டைமேலோ நாற்காலி முதுகிலோ சாய்த்து வைத்து, இரண்டு விநாடி கழித்து எடுக்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஆடாமல் வரும்.

பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டு வைத்திருப்பீர்கள், இல்லையா? என் தகப்பனார் வீட்டிலும் இருந்தது, எடுக்காமல் விட்டுவிட்டேன். நேராக நின்று எடுத்தால் அந்தக் கோடுகள் மரத்தோடு மரமாகிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, யாரையாவது ஒரு டார்ச்சை நிலையோடு ஒட்டி, கீழிருந்து மேலாகச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கத்தியால் கீறியது ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அளவுகோலை நிறுத்தித் தனியாக இன்னொன்று எடுங்கள். எந்தக் கோடு எந்தப் பிள்ளை, எந்தத் தீபாவளி என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் வரிசையை அவர் இரண்டு இடத்திலாவது திருத்துவார்.